டேப்பா ஸ்பேஸா: ஃபைல் ஏன் உடையுது, யார் சொல்றத கேக்கறது

நீங்க கேட்டத முதல்ல என் வார்த்தையில ஒருதடவ சொல்லிடறேன், சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாத்துக்கோங்க. கோத்தகிரி பக்கம் வீடு, இந்த வருஷம்தான் காலேஜ் முடிச்சீங்க, சின்ன தேயிலை விவசாயிங்களுக்கு பச்சத் தேயிலை எடை, விலை, அட்வான்ஸ், பாக்கி எல்லாம் கணக்கு வச்சுக்கற ஆப் ஒண்ணு பண்ற சின்ன டீம்ல சேந்திருக்கீங்க. காலேஜ் லேப்ல டேப் கீய தட்டித்தான் பழக்கம், இங்க வந்ததும் ஸ்பேஸ்தான் போடணும்னு சொல்றாங்க, நீங்க கை வச்ச பைத்தான் ஃபைல் டேப்எரர்னு சொல்லி ஓடாம நிக்குது, இதுக்கு நடுவுல ஃப்ரெண்டு ஒருத்தர் "நம்ம மலையில நெட் ஸ்லோ, டேப் போட்டா ஃபைல் சைஸ் கம்மியாகும், அதனால டேப்தான் சரி"ன்னு சொல்லிருக்கார். ரெண்டுல எது சரின்னு கேக்கறீங்க. நீங்க எழுதினத முழுசா படிச்சா உங்கள உண்மையில உறுத்தறது வேற ரெண்டு விஷயம்னு எனக்கு படுது. என் ஃபைல் ஏன் உடைஞ்சது, இனிமே இந்த விஷயத்துல நான் யார் சொல்றத கேக்கறது.

ரெண்டாவதுக்கு பதில் சின்னதுங்க, அத முதல்லயே சொல்லிடறேன். ஏற்கனவே இருக்கற ப்ராஜெக்ட்னா அந்த ப்ராஜெக்ட்ல எப்படி இருக்கோ அப்படி. நீங்களே புதுசா ஆரம்பிக்கறதா இருந்தா அந்த லாங்குவேஜ்ல எல்லாரும் எப்படி எழுதறாங்களோ அப்படி. டீம்ல கண் பார்வை குறைவா இருக்கறவங்க யாராவது இருந்தா, அவங்களுக்கு எது வசதியோ அது முதல் ரெண்டுக்கும் மேல. காரணம் தெரியாம இத மட்டும் மனப்பாடம் பண்ணீங்கன்னா அடுத்த கம்பெனில வேற ஒருத்தர் வேற மாதிரி சொல்லும்போது திரும்ப இதே குழப்பம் வரும், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன். நான் பல வருஷமா குன்னூர்ல இருந்துதான் வேலை பாக்கறேன், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் நிறைய, கோ கொஞ்சம். மைக்ரோகன்ட்ரோலர் மாதிரி ஹார்ட்வேர் பக்கம் நான் போனதில்ல, அங்க இருக்கற வழக்கத்த பத்தி இதுல ஒண்ணும் சொல்ல வரல.

முதல்ல டேப்னா என்னன்னு தெளிவாயிடணும், ஏன்னா பாதி சண்டை இது புரியாம வர்றதுதான். டேப்னா நாலு ஸ்பேஸ்னோ எட்டு ஸ்பேஸ்னோ நினைச்சுக்கறோம், அப்படி இல்ல. ஆஸ்கி அட்டவணையில ஸ்பேஸ் 32-ஆவது நம்பர், டேப் 9-ஆவது நம்பர், ரெண்டும் தனித்தனி எழுத்து. டேப் எழுத்துக்கு சொந்தமா அகலமே கிடையாது, "அடுத்த நிறுத்தம் வரைக்கும் போ"ன்னு மட்டும்தான் அது சொல்லும், நிறுத்தம் எங்க எங்க இருக்குன்னு முடிவு பண்றது அத காட்டற ப்ரோக்ராம். ஊட்டிலயோ குன்னூர்லயோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போயி லோயர், ஹையர் எழுதினவங்க வீட்ல யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, ஸ்டேட்மென்ட் அடிக்கறப்ப எல்லாம் ஒண்ணுக்கு கீழ ஒண்ணு நேரா வர்றதுக்கு முன்னாடியே டேப் செட் பண்ணி வச்சுக்குவாங்க, அப்புறம் கீய அழுத்தினா கேரேஜ் நேரா அந்த இடத்துல போயி நிக்கும். அதே ஏற்பாடுதான் கம்ப்யூட்டருக்கும் வந்தது. டெர்மினல்ல வழக்கமா எட்டு எழுத்து இடத்துக்கு ஒரு நிறுத்தம், பிரவுசர்லயும் வெப்சைட் வேற எதுவும் சொல்லலன்னா எட்டு, விஎஸ் கோட்ங்கற எடிட்டர சும்மா இன்ஸ்டால் பண்ணினா நாலு. அதனாலதான் உங்க லேப்டாப்ல அழகா இருந்த கோடு ப்ரவுசர்ல ரிவ்யூ பண்றப்ப வலது பக்கமா ஓடிப் போன மாதிரி தெரியுது. ஃபைல்ல ஒரு எழுத்தும் மாறல, காட்டற இடம்தான் மாறுச்சு.

இப்ப உங்க டேப்எரருக்கு வருவோம். மத்த நிறைய லாங்குவேஜ்ல முன்னாடி விடற இடம் மனுஷன் படிக்கறதுக்கு மட்டும்தான், சி, ஜாவாவுல பிளாக் (ஒண்ணா சேந்து ஓடற லைன்களோட கூட்டம்) எங்க முடியுதுன்னு பிராக்கெட் சொல்லிடும். பைத்தான்ல அந்த இடமே அர்த்தம். உங்க ஆப்லயே எடுத்துக்கோங்க, ஒரு விவசாயியோட மாசக் கணக்கு போடற ஃபங்ஷன் இருக்கும், உள்ள ஒவ்வொரு நாள் எடையையும் கூட்டற ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஓடற பகுதி), லூப் முடிஞ்சதும் அட்வான்ஸ ஒரே ஒருதடவ கழிக்கற லைன். லூப் ஆரம்பிக்கற லைன் நாலு ஸ்பேஸ்ல இருக்கு, லூப்புக்குள்ள இருக்கற லைன் எட்டு ஸ்பேஸ்ல இருக்கு, அட்வான்ஸ் லைன நீங்க ஒரு டேப் தட்டி எழுதறீங்க. உங்க எடிட்டர்ல டேப் நாலா காட்டறதால அந்த லைன் லூப்புக்கு வெளிய இருக்கற மாதிரி தெரியும். ஆனா டேப்ப எட்டுன்னு எடுத்துக்கற ஒருத்தர் பாத்தா அது லூப்புக்கு உள்ள இருக்கு. பழைய பைத்தான் 2 அப்படித்தான் எடுத்துக்கும், எட்டோட மடங்குக்கு தள்ளிடும், எந்த எரரும் சொல்லாது, அந்த விவசாயிக்கு எத்தன நாள் தேயிலை போட்டாரோ அத்தன தடவ அட்வான்ஸ் கழிஞ்சுடும். பைத்தான் 3 இந்த இடத்துலதான் கறாரா மாறுச்சு. டேப்போட அகலம் எவ்வளவுங்கறத பொறுத்து அர்த்தம் மாறும்னா நான் ஓட்டவே மாட்டேன்னு நிறுத்திடும். அதுதான் உங்க ஸ்கிரீன்ல வந்த டேப்எரர். எரிச்சலா இருந்தாலும் அது உங்களுக்கு நல்லதுதான் பண்ணிருக்கு, பணக் கணக்கு சம்பந்தப்பட்ட கோட்ல சத்தமில்லாம தப்பா ஓடறதவிட நின்னு போறது எவ்வளவோ மேல்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியறதில்ல. ஒரே ஃபைல்ல டேப்பும் ஸ்பேஸும் இருந்தாலே பைத்தான் 3 எரர் குடுத்துடும்னு நினைப்பாங்க, அப்படி கிடையாது. ஒரு ஃபங்ஷன் முழுக்க டேப், அடுத்த ஃபங்ஷன் முழுக்க ஸ்பேஸ்னு இருந்தா ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லாததால பேசாம ஓடும். அதனால உங்க டீம் ஃபைல்ல ஏற்கனவே இப்படி கலப்படம் இருந்திருக்கலாம், நீங்க ஸ்பேஸ்ல இருந்த ஒரு பிளாக்குக்கு நடுவுல ஒரு டேப் லைன் போட்டப்பதான் வெளிய வந்திருக்கும், நீங்கதான் எல்லாத்தையும் கெடுத்துட்டீங்கன்னு நினைச்சு பயப்பட வேண்டாம். பைத்தானோட கூடவே வர்ற டேப்நானின்னு ஒரு மாட்யூல் இருக்கு, அத ஃபோல்டர் மேல ஓட விட்டா எந்த ஃபைல்ல எந்த லைன்ல இந்த குழப்பம் இருக்குன்னு காட்டிக் குடுத்துடும். இன்னொரு விஷயமும் இங்கயே சொல்லிடறேன், லேப் மேனுவல் பிடிஎஃப்ல இருந்தோ வேர்டுல இருந்தோ கோட காப்பி பண்ணி ஒட்டினா சில சமயம் ஸ்பேஸ் மாதிரியே தெரியற, ஆனா ஸ்பேஸ் இல்லாத ஒரு எழுத்து வந்து ஒட்டிக்கும், வரி உடையாம இருக்கறதுக்கு போடற ஸ்பேஸ் அது. கண்ணால பாத்தா வித்தியாசமே தெரியாது, பைத்தான் அத ஏத்துக்காது. டேப் எல்லாம் மாத்தியாச்சு இன்னும் எரர் வருதுன்னா இதத்தான் முதல்ல சந்தேகப்படணும், அந்த லைனோட ஆரம்பத்த அழிச்சுட்டு கையால திரும்ப அடிச்சா போயிடும்.

நெட் ஸ்லோ விஷயத்த சீக்கிரம் முடிச்சிடலாம். உங்க ஃப்ரெண்டு சொன்னதுல உண்மை இருக்கு, நாலு ஸ்பேஸ் நாலு பைட், ஒரு டேப் ஒரு பைட். மழைக்காலத்துல இங்க நெட்டும் கரண்ட்டும் என்ன பாடு படுத்தும்னு எனக்கும் தெரியும், கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் ஜூலைல இன்னும் மோசம். ஆனா கிட் (கோட்ல பண்ற மாற்றத்தையெல்லாம் சேத்து வைக்கற டூல்) எதையுமே சுருக்கித்தான் வச்சுக்கும், அனுப்பும், ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வர்றது சுருங்கற அளவுக்கு வேற எதுவும் சுருங்காது. வெப்சைட்டுக்கு போற ஜாவாஸ்கிரிப்ட்னா மினிஃபை பண்றப்ப, அதாவது தேவையில்லாத எழுத்த எடுத்து சுருக்கறப்ப, இந்த இடமெல்லாம் மொத்தமா போயிடும். ஒரு ஃபோட்டோவ சின்னது பண்ணாம ப்ராஜெக்ட்ல போட்டா அதுக்கு ஆகற டேட்டாவுக்கு முன்னாடி இதெல்லாம் கணக்குலயே வராது. சைஸ வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க.

லாங்குவேஜ் வழக்கம்னு சொன்னேன் இல்லியா, அது எப்படி வந்ததுன்னு பாத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்கு. பைத்தானுக்கு பெப் 8-னு ஒரு ஸ்டைல் கைடு 2001-ல இருந்து இருக்கு, நாலு ஸ்பேஸ்னு அது தெளிவா சொல்லுது, ஏற்கனவே டேப்ல எழுதின கோடா இருந்தா அதோட ஒத்துப் போறதுக்கு மட்டும் டேப் போடலாம்னும் சேத்து சொல்லுது. கோ லாங்குவேஜ்ல நேர் எதிர், அதோட கூடவே வர்ற ஃபார்மேட் டூல் (கோட ஒழுங்கா அடுக்கிக் குடுக்கறது) முன்னாடி இடத்துக்கு டேப்தான் போடும், மாத்தறதுக்கு செட்டிங்கே கிடையாது, அதனால கோ எழுதறவங்க இதப்பத்தி பேசறதே இல்ல. டார்ட் லாங்குவேஜ்ல ரெண்டு ஸ்பேஸ், நீங்க டார்ட்ல எழுதற ஃபிளட்டர்ல ஆப் பண்றதா இருந்தா அதோட ஃபார்மேட்டரே அப்படித்தான் மாத்திடும். பிஎச்பில ஒரே லாங்குவேஜுக்குள்ளயே ரெண்டு வழக்கம், பிஎஸ்ஆர் 12-ங்கற ஸ்டைல் கைடு நாலு ஸ்பேஸ்ங்குது, வேர்ட்பிரஸ் டேப்ங்குது. ஊட்டி, கொடைக்கானல் ஹோம்ஸ்டேகளுக்கு வேர்ட்பிரஸ் சைட் பண்ணிக் குடுக்கற பசங்க அப்புறமா லாராவெல் (பிஎச்பில நாலு ஸ்பேஸ் வழக்கம் இருக்கற ஒரு ஃப்ரேம்வொர்க்) வேலைக்கு போனா முதல் வாரத்துலயே இதுல முட்டிக்குவாங்க. லினக்ஸ் கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) டேப், அதுவும் எட்டு அகலம்னு வச்சுத்தான் எழுதணும், மூணு லெவலுக்கு மேல உள்ள போனா உன் ப்ரோக்ராம சரி பண்ணுன்னே அவங்க கைடுல எழுதி வச்சிருக்காங்க, அகலமா இருந்தா ஆழமா போறது உடனே கண்ணுல படும்ங்கறது அவங்க எண்ணம்.

சில இடத்துல உங்க விருப்பத்துக்கு இடமே கிடையாது, இத மட்டும் மறக்காம இருங்க. யாமல்ங்கற செட்டிங் ஃபைல் ஃபார்மேட்ல முன்னாடி இடத்துக்கு டேப் போடவே கூடாது, அந்த ஃபார்மேட்டே அத தடை பண்ணிருக்கு, டாக்கர் கம்போஸ் ஃபைல் மாதிரி நிறைய செட்டிங் ஃபைல் யாமல்தான். மேக்ஃபைல்ல (மேக்ங்கற டூல் என்ன கமாண்ட் ஓட்டணும்னு எழுதி வைக்கற ஃபைல்) அப்படியே உல்டா, கமாண்ட் லைன் டேப்லதான் ஆரம்பிக்கணும், ஸ்பேஸ் போட்டா "மிஸ்ஸிங் செப்பரேட்டர்"னு ஒரு எரர் வரும், அத பாத்து என்ன தப்புன்னு கண்டுபிடிக்கறது புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப கஷ்டம். மேக்க 1976-ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதினார். டேப் பிரச்சன ஆகும்னு தெரிய வர்றதுக்குள்ள ஒரு டஜன் பேர் யூஸ் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, அவங்க ஃபைல் உடையக் கூடாதுன்னு மாத்தாம விட்டுட்டார். அந்த ஒரு டஜன் பேருக்காக விட்டது இன்னிக்கு வரைக்கும் உலகம் முழுக்க அப்படியே நிக்குது. குனூ மேக்ல 3.82 வெர்ஷன்ல இருந்து வேற எழுத்து வச்சுக்கலாம்னு ஒரு வழி இருக்கு, நடைமுறைல அத யாரும் போட்டு நான் பாத்ததில்ல.

இப்ப எனக்கு முக்கியமா படற விஷயத்துக்கு வர்றேன். டேப் பக்கம் பேசறவங்க சொல்ற காரணத்துல பாதிக்கு மேல பழக்கம்தான், "ஒரு கீதானே தட்டறோம்"ங்கறதெல்லாம் இப்ப செல்லாது, ஸ்பேஸ் செட்டிங் வச்சாலும் எந்த எடிட்டர்லயும் டேப் கீய ஒருதடவ தட்டினா நாலு ஸ்பேஸ் விழும், அதுக்காக யாரும் நாலு தடவ தட்டறதில்ல. ஆனா ஒரு காரணம் நிஜமானது. டேப்போட அகலத்த படிக்கறவரே முடிவு பண்ணிக்கலாம். எங்க டீம்ல கூடலூர்ல இருந்து ஒரு தங்கச்சி வேலை பாக்கறாங்க, அவங்களுக்கு பார்வை ரொம்ப குறைவு, எழுத்த மூணு மடங்குக்கு மேல பெருசாக்கித்தான் படிப்பாங்க. அந்த சைஸ்ல நாலு ஸ்பேஸ் மூணு லெவல் உள்ள போச்சுன்னா ஸ்கிரீன்ல கால்வாசிக்கும் மேல வெறும் காலியிடம், கோடு வலது பக்கம் ஒளிஞ்சுக்கும், ஒவ்வொரு லைனுக்கும் பக்கவாட்டுல நகத்தி நகத்தி பாக்கணும். டேப்பா இருந்தா அவங்க செட்டிங்ல அகலம் ஒண்ணுன்னோ ரெண்டுன்னோ வச்சுக்கலாம், நான் என் ஸ்கிரீன்ல நாலா வச்சுக்கலாம், ஃபைல் ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் தொந்தரவு இல்ல. அவங்க இத ஒருதடவ ஸ்கிரீன் ஷேர் பண்ணி காட்டினப்பதான் இதோட கனம் எங்க டீமுக்கே புரிஞ்சுது. அதுக்கப்புறம் எங்க ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க டேப்தான்.

பார்வையே இல்லாதவங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு. விரலால தொட்டு படிக்கற பிரெய்ல் டிஸ்ப்ளேல நாப்பது செல் இருக்கறது சகஜம், முன்னாடி விடற ஸ்பேஸ் சாதாரணமா ஒவ்வொண்ணும் ஒரு செல்ல புடிச்சுக்கும், நாலு ஸ்பேஸ்ல மூணு லெவல்னா பன்னெண்டு செல் ஒண்ணும் இல்லாமலே போயிடும். காதால கேக்கறவங்களுக்கு என்விடிஏன்னு இலவச ஸ்கிரீன் ரீடர் இருக்கு, லைனோட முன்னாடி இடத்த பேச்சா சொல்லவோ ஒரு டோனா ஒலிக்கவோ அதுல செட்டிங் இருக்கு, ஆனா அத நாமதான் ஆன் பண்ணணும். "பன்னெண்டு ஸ்பேஸ்"னு கேட்டு மனசுல நாலால வகுக்கறதவிட "மூணு டேப்"னு கேக்கறது எளிசுன்னு சொல்றவங்க இருக்காங்க. எல்லா பார்வையற்ற ப்ரோக்ராமருக்கும் டேப்தான் வசதின்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஆள் மாறும், டூலுக்கு டூல் மாறும். அதனாலதான் அவங்களுக்கு எது வசதியோ அதுன்னு மேல எழுதினேன், நம்மளா முடிவு பண்ணாம அவங்ககிட்ட கேக்கணும்.

ஸ்பேஸ் பக்கம் இருக்கற பலம் வேற மாதிரி. எங்க திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும், டெர்மினல், பிரவுசர், ஃபோன், ப்ரிண்ட் எதுவா இருந்தாலும் சரி. கூடலூர்ல இருந்து ஊட்டி வர்ற பஸ்ல உக்காந்துட்டு ஃபோன்ல ஒருத்தரோட கோட ரிவ்யூ பண்ணிப் பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும், டேப் எட்டு அகலத்துல விரிஞ்சா அந்த சின்ன ஸ்கிரீன்ல ஒண்ணும் படிக்க முடியாது. இன்னொண்ணு, நிறைய பேர் லைனோட ஆரம்பத்துல மட்டும் இல்லாம நடுவுலயும் வரிசையா நிக்கணும்னு இடம் விடுவாங்க, ஈக்வல் குறி எல்லாம் ஒண்ணுக்கு கீழ ஒண்ணு வர்ற மாதிரி. அத டேப்ல பண்ணினா உங்க ஸ்கிரீன்ல நேரா நிக்கும், அகலம் வேற வச்சிருக்கறவர் ஸ்கிரீன்ல கோணலா போயிடும். டேப் போடறதா இருந்தா லைன் ஆரம்பத்துல உள்ள லெவலுக்கு மட்டும் டேப், வரிசைப்படுத்தறதுக்கு ஸ்பேஸ், இந்த ஒழுங்க விடாம புடிச்சுக்கணும், கோ ஃபார்மேட்டர் அப்படித்தான் பண்ணுது. கையால எழுதற டீம்ல இந்த ஒழுங்கு ரொம்ப நாள் நிக்கறதில்ல, அதனாலதான் நிறைய இடத்துல பேசாம ஸ்பேஸ்னு வச்சுடறாங்க. எல்லாரும் பார்வையுள்ளவங்களா இருக்கற பைத்தான் டீம்ல நானும் ஸ்பேஸ்னுதான் சொல்லுவேன்.

எது படிக்க நல்லதுன்னு ஆராய்ச்சி இருக்கான்னு கேப்பீங்க. கொஞ்சம் இருக்கு, ஆனா அத வச்சு அடிச்சுப் பேசற அளவுக்கு இல்ல. 1983-ல வந்த ஒண்ணுல ரெண்டுல இருந்து நாலு ஸ்பேஸ் வரைக்கும் உள்ள தள்ளின ப்ரோக்ராமத்தான் ஆளுங்க நல்லா புரிஞ்சுக்கிட்டாங்கன்னு வந்துச்சு, நிறைய பேர் இன்னும் அதத்தான் சொல்லிட்டிருக்காங்க. அதே கேள்விய 2019-ல கண்ணு எங்க போகுதுன்னு பாக்கற கருவி வச்சு திரும்ப பண்ணிப் பாத்தாங்க, எத்தன ஸ்பேஸ்ங்கறதால பெருசா வித்தியாசம் தெரியலன்னு வந்துச்சு. ரெண்டுமே எவ்வளவு தள்ளறதுங்கறத பத்தினதுதான், டேப்பா ஸ்பேஸாங்கறத பத்தி இல்ல. அப்புறம் ப்ரோக்ராமருங்க கேள்வி கேக்கற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சைட் 2017-ல எடுத்த சர்வே ஒண்ணு அடிக்கடி சுத்திட்டு வரும், ஸ்பேஸ் போடறவங்களுக்கு அனுபவம், நாடு எல்லாம் கழிச்சுப் பாத்தாலும் 8.6 சதவீதம் சம்பளம் அதிகம்னு. அந்த கணக்கு வெளியானது நிஜம், ஆனா ஸ்பேஸ் போட்டதால சம்பளம் ஏறுச்சுன்னு அதுக்கு அர்த்தம் கிடையாது, எந்த மாதிரி கம்பெனி, எந்த மாதிரி டீம் எந்த டூல் வச்சிருக்காங்கங்கறது மாதிரி பின்னால வேற காரணம் எவ்வளவோ இருக்கலாம். உங்க டீம்ல யாராவது இத ஆதாரமா கொண்டு வந்தா வாக்குவாதம் பண்ணாதீங்க, இது அதுக்கான ஆதாரம் இல்லன்னு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

எது வச்சாலும் அத மனுஷன் ஞாபகம் வச்சுக்கற மாதிரி விடக் கூடாது, மெஷின்கிட்ட விட்டுடணும். ப்ராஜெக்ட் ஃபோல்டரோட தலையில எடிட்டர்கான்ஃபிக்னு ஒரு சின்ன ஃபைல் போட்டுடலாம், பைத்தானுக்கு நாலு ஸ்பேஸ், யாமலுக்கு ரெண்டு ஸ்பேஸ், மேக்ஃபைலுக்கு டேப்னு ஃபைல் வகைக்கு தகுந்த மாதிரி எழுதி வச்சுட்டா எடிட்டரே படிச்சு நடந்துக்கும். விஎஸ் கோட்ல அதுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போடணும், ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்ல கூடவே இருக்கு. அதுக்கு மேல ஒரு ஃபார்மேட்டர், பைத்தானுக்கு பிளாக்-னு (Black, மேல சொன்ன பிளாக் இல்ல) ஒரு ஃபார்மேட்டர் இருக்கு, அதுல ஸ்பேஸ் மட்டும்தான், டேப் வேணும்ங்கற டீம்னா ரஃப் ஃபார்மேட்டர்ல அதுக்கு செட்டிங் இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு பிரிட்டியர், சும்மா விட்டா ரெண்டு ஸ்பேஸ், டேப்புன்னும் மாத்திக்கலாம். விஎஸ் கோட்ல இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும், ஃபைல திறக்கறப்ப உள்ள என்ன இருக்குன்னு பாத்து அதுவே செட்டிங்க மாத்திக்கும், அதனால "நான் ஸ்பேஸ்னுதான் வச்சிருக்கேன், ஏன் டேப் விழுது"ன்னு குழம்பாதீங்க, கீழ வலது ஓரத்துல ஸ்பேஸஸ்னு இருக்கா டேப் சைஸ்னு இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டு எழுத ஆரம்பிங்க. வைட்ஸ்பேஸ காட்டற செட்டிங்கயும் ஆன் பண்ணிடுங்க, ஸ்பேஸ் புள்ளியா தெரியும், டேப் அம்புக்குறியா தெரியும், புதுசா சேந்த கொஞ்ச நாளைக்காவது அது ஆன்லயே இருக்கட்டும்.

இப்ப கைல இருக்கற உடைஞ்ச ஃபைல என்ன பண்றது. எடிட்டர்ல இன்டென்டேஷன ஸ்பேஸா மாத்தற கமாண்ட் இருக்கு, ஆனா கண்ண மூடிட்டு அத அழுத்தாதீங்க. டேப்ப எத்தன ஸ்பேஸா மாத்தணும்ங்கறத அது அப்ப இருக்கற டேப் சைஸ வச்சு எடுத்துக்கும், அந்த லைன எழுதினவர் எட்டுன்னு நினைச்சு எழுதிருந்தா அட்வான்ஸ் கழிக்கற லைன் லூப்ப விட்டு வெளியவோ உள்ளவோ நகந்துடும். அதனால எரர் வந்த இடத்துல மட்டுமாவது ஒவ்வொரு லைனும் எந்த பிளாக்குல இருக்கணும்னு லாஜிக் படிச்சு முடிவு பண்ணுங்க, சந்தேகம்னா எழுதினவர்கிட்டயே கேளுங்க. மூணு மேற்கோள் குறி போட்டு எழுதற பெரிய ஸ்ட்ரிங்குக்குள்ள டேப் இருந்தா அதுவும் மாறிடும், அது டேட்டா, எஸ்எம்எஸ்ல போற ரசீது வடிவமா கூட இருக்கலாம். ஏற்கனவே ஓடிட்டிருக்கற ஃபைல மாத்தறதா இருந்தா கிட் டிஃப்ல (பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் காட்டற கமாண்ட்) வைட்ஸ்பேஸ விட்டுட்டு பாக்கற மைனஸ் டபிள்யூ (-w) ஆப்ஷன நம்பாதீங்க, பைத்தான்ல அர்த்தம் மாறினத அதுவே மறைச்சுடும். பைத்தான் 3.9-ல இருந்து கூடவே வர்ற ஏஎஸ்டி (ast) மாட்யூல கமாண்டா ஓட்டி ப்ரோக்ராமோட கட்டமைப்ப எழுத்தா எடுக்கலாம், மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டா ஒரு எழுத்து கூட வித்தியாசம் வரக் கூடாது. பிளாக் ஃபார்மேட்டர் இந்த சோதனைய அதுவே பண்ணிக்கும், அதுக்காகவே நான் அத நம்பறேன்.

முழு ப்ராஜெக்ட்டையும் ஒரே மாதிரி மாத்தலாம்னு டீம் முடிவு பண்ணினா, அத தனி கமிட்டா (கிட்ல ஒரு தடவ சேமிக்கற மாற்றம்) போடச் சொல்லுங்க, அதுல வேற ஒரு மாற்றமும் கலக்கக் கூடாது, கலந்தா ரிவ்யூ பண்றவருக்கு ஆயிரக்கணக்கான லைன்ல உண்மையா மாறினது எதுன்னே தெரியாது. திறந்து கிடக்கற பிராஞ்ச் (தனித்தனியா பண்ணிட்டிருக்கற வேலை) எல்லாம் முதல்ல மெர்ஜ் பண்ணி ஒண்ணாக்கிட்டு செய்யணும், இல்லன்னா ஒருத்தர் மாத்தினது இன்னொருத்தர் மாத்தினதோட மோதி எல்லாருக்கும் கான்ஃபிளிக்ட் வரும். அதுக்கப்புறம் எந்த லைன பாத்தாலும் கிட் பிளேம்ல (எந்த லைன யார் கடைசியா மாத்தினாங்கன்னு காட்டற கமாண்ட்) டேப்-ஸ்பேஸ் மாத்தினவர் பேர்தான் வரும்னு சிலர் எதிர்ப்பாங்க, நியாயமான கவலைதான், ஆனா கிட் 2.23, அதாவது 2019-ல இருந்து இந்த கமிட்ட கண்டுக்காதேன்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சு பிளேமுக்கு சொல்லிக்குடுக்க முடியும், பழைய பேரெல்லாம் திரும்ப சரியா வரும்.

நீங்க புதுசா சேந்தவர்ங்கறதால இதையெல்லாம் முதல் வாரத்துலயே மீட்டிங்ல வாதாட வேண்டியதில்ல. ஸ்பேஸ்னு சொல்லிருக்காங்க, பைத்தான் ப்ராஜெக்ட், அது சரியான முடிவுதான், அப்படியே எழுதுங்க. எடிட்டர்கான்ஃபிக் ஃபைல் இல்லன்னா "நான் ஒண்ணு சேத்து அனுப்பட்டுமா அண்ணா"ன்னு உங்க லீட்கிட்ட கேளுங்க, அஞ்சு நிமிஷ வேலை, யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. அதோட டீம்ல யாருக்காவது பெரிய எழுத்தோ ஸ்கிரீன் ரீடரோ தேவைப்படுதான்னும் ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கோங்க. இவ்வளவும் பண்ணின பிறகும் அந்த ஃபைல் ஓடலன்னா, எரர் காட்டற லைனையும் அதுக்கு மேல இருக்கற பிளாக்கையும் வைட்ஸ்பேஸ் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்கயே கீழ போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.